தோட்டாவுக்குள் ஒரு காலி இடம்

துப்பாக்கிக்குப் போடுவதையும் நோயாளிக்குக் கொடுப்பதையும் தமிழில் ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். மருந்து. இரண்டிலும் அளவுதான் எல்லாமே என்பது அந்தச் சொல்லை முதலில் இரண்டுக்கும் பொதுவாக்கியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு சொல்லும் உண்டு. துப்பாக்கியில் மருந்து 'கெட்டிப்பது'. இடைவெளி இல்லாமல், இறுக, நிறையப் போடுவது. இந்தக் கட்டுரை அந்த நிறைவைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நிறைவு ஒருநாள் காணாமல் போனதைப் பற்றியும், அது விட்டுப்போன காலி இடத்தை அடைக்க நூறு வருடமாக மனிதர்கள் செய்துபார்த்த கருவிகளைப் பற்றியும்.

அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். கார் ஷெட்டிலோ நிலவறையிலோ ஒரு மேசை. அதில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு கைப்பிடி இயந்திரம். அந்தக் கூட்டை மறுபடி நிரப்பி மறுபடி சுடுகிறார்கள். ரீலோடிங் என்று பெயர். காசு மிச்சம் என்பது ஒரு காரணம். தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி துல்லியமாகச் செய்துகொள்ளலாம் என்பது இன்னொன்று. கடையில் கிடைக்காத பழைய அளவுகளுக்கு வேறு வழியே இல்லை என்பது மூன்றாவது. நம்ம ஊரில் இந்தப் பொழுதுபோக்கு கிட்டத்தட்டக் கிடையாது. நம்மில் பலரும் துப்பாக்கியை நேரில் பார்த்தது வங்கிக் காவலாளியின் தோளில்தான்.

எனக்குத் துப்பாக்கி மேல் ஈர்ப்பு கிடையாது. பிழைகள் மேல் உண்டு, தொழில் அப்படி. ஒரு மென்பொருள் நிரலில் பிழை இருந்தால் அதனால் அவதிப்படுவது எங்கேயோ இருக்கும் யாரோ ஒருவர். ரீலோடிங் மேசையில் தயாரிப்பவரும் பரிசோதிப்பவரும் பயனரும் ஒரே ஆள். அவர் கன்னம் அந்தத் துப்பாக்கியின் கட்டையில் பதிந்திருக்கும். கண்ணுக்கும் வெடிப்புக்கும் நடுவே சில அங்குல எஃகு, அவ்வளவுதான். அப்படி ஒரு இடத்தில் பிழையை எப்படித் தடுக்கிறார்கள் என்று பார்க்கப்போனதில்தான் இந்த வரலாறு கிடைத்தது.

1

முதலில் ஒரு தோட்டாவைப் பிரித்துவிடுவோம். நான்கு பொருட்கள். பித்தளைக் கூடு. கூட்டின் அடியில் பிரைமர். பெயின்ட் கடைப் பிரைமர் இல்லை இது, அடித்தால் தீப்பொறி கக்கும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம். கூட்டுக்குள் மருந்து. வாயில் ஈயக் குண்டு. சுடும்போது மூன்று தீர்ந்துபோகும், கூடு மட்டும் மிஞ்சும். விலை கூடியதும் அதுதான். எனவே அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை என்பதில்தான் ரீலோடிங்கின் தொடக்கம் இருக்கிறது.

கூடு ஏன் பித்தளை? வெடிக்கும்போது அது உப்பித் துப்பாக்கியின் உள்சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், வாயு பின்னால் கசியாமல் இருக்க. வெடித்து முடிந்ததும் கொஞ்சம் சுருங்கி விட்டுக்கொடுக்க வேண்டும், வெளியே எடுக்க. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இரண்டையும் செய்கிறது. செம்பு மட்டும் என்றால் உப்பும், ஆனால் சரியாகத் திரும்பி வராது. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயென் வீரர்களிடம் கஸ்டரின் படை அழிந்தபோது, குதிரைப்படையின் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன்களில் செம்புக் கூடுகள் சிக்கிக்கொண்டதும் ஒரு காரணம் என்று அப்போதே பேச்சு எழுந்தது. நூறு வருடம் கழித்து 1980களில் தொல்லியலாளர்கள் அந்தப் புல்வெளியைத் தோண்டினார்கள். கத்தியால் நெம்பி எடுத்த தழும்பு கொண்ட கூடுகள் கிடைத்தன, ஆனால் மிகச் சிலவே. தோல்விக்கு அது காரணமில்லை. எதிரே நின்றவர்களின் எண்ணிக்கையும் திறமையும்தான் காரணம். கருவியைக் குறை சொல்வது எந்தக் காலத்திலும் சுலபம்.

1866இல் இரண்டு ராணுவக்காரர்கள் தனித்தனியே இரண்டு விதமான பிரைமர்களுக்கு வழி கண்டார்கள். அமெரிக்கர் ஹைரம் பெர்டானின் முறையில் கூட்டின் அடியில் பொறி நுழைய ஓரமாக இரண்டு சிறு துளைகள். ஆங்கிலேயர் எட்வர்ட் பாக்ஸரின் முறையில் நடுவே ஒரே துளை. நடுத்துளை இருந்தால் மேலிருந்து ஒரு ஊசியை விட்டுத் தட்டினால் போதும், பழைய பிரைமர் கழன்று விழும். பெர்டான் கூட்டில் அப்படித் தட்டினால் ஊசிதான் உடையும். இன்றுவரை ரீலோடிங் மேசைகளில் அடிக்கடி உடையும் பாகம் இந்த ஊசிதான். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் ஊன்றியது, அமெரிக்கரின் முறை ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குப் போனது. அமெரிக்காவில் வீட்டு ரீலோடிங் இவ்வளவு தழைத்ததற்கு இந்த ஒற்றைத் துளைக்கும் பங்கு உண்டு.

1870களில் சமவெளிகளில் எருமைகளைக் கொன்று குவித்த வேட்டைக்காரர்கள் கூடாரத்திலேயே இரவில் தோட்டா நிரப்பினார்கள். வண்டியில் ஈயக்கட்டி, மருந்து, பிரைமர் டப்பா. 1884இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் ஜான் பார்லோ என்பவர் 'ஐடியல்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அவர் விற்ற கருவியைப் படத்தில் பார்த்தால் நமக்குப் பாக்குவெட்டிதான் ஞாபகம் வரும். இரண்டு கைப்பிடி, நடுவே ஒரு கீல். ஊசியைத் தட்டுவது, பிரைமரை அழுத்துவது, குண்டைச் செருகுவது எல்லாம் அந்த ஒரே இடுக்கியில். சில மாதிரிகளில் ஈயத்தை உருக்கி ஊற்றும் அச்சும் முனையிலேயே இருந்தது. சட்டைப்பையில் ஒரு தொழிற்சாலை. 1925இல் இந்த ஐடியலை லைமன் நிறுவனம் வாங்கியது. அதன் கையேடுகள் இன்றும் அச்சாகின்றன.

இந்தக் காலத்தின் மருந்து கரிமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம். அதை எடை போட வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை. நம் வீடுகளில் அரிசிக்கு உழக்கும் படியும் இருந்த மாதிரி, அவர்களிடம் சின்ன அளவைக் கரண்டி இருந்தது. கூடு நிறையும்வரை போடு, மேலே குண்டை வைத்து அழுத்து. அப்படியே தோட்டாவுக்குப் பெயரும் வைத்தார்கள். அமெரிக்க ராணுவத்தின் .45-70-405 என்ற பெயரில், 0.45 அங்குல விட்டம், 70 கிரெய்ன் மருந்து, 405 கிரெய்ன் குண்டு என்று முழுச் செய்முறையும் அடக்கம். கிரெய்ன் என்றால் தானியமணி. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியை வைத்து நிறுத்ததுபோல அவர்கள் ஒரு தானியமணியை அலகாக வைத்துக்கொண்டார்கள். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 70 கிரெய்ன் என்பது சுமார் நாலரை கிராம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கூடு நிறைந்திருப்பதால், ஒரு கூட்டில் மறதியாக இரண்டாவது தடவை மருந்து போட முடியாது. போட்டால் வழிந்து மேசையில் கொட்டும். ஒரு கூட்டுக்கு மருந்தே போடாமல் விட்டால் குண்டைச் செருகும்போதே கை உணர்ந்துவிடும், ஏனெனில் அழுத்த எதுவும் இருக்காது. இந்தப் பாதுகாப்பை யாரும் திட்டமிட்டு வடிவமைக்கவில்லை. பொருளின் பருமனே காவல் நின்றது.

2

1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் புகையற்ற மருந்தைச் செய்தார். நைட்ரோ செல்லுலோஸைக் கூழாக்கி, தகடாக்கி, சிறுசிறு வில்லைகளாக வெட்டியது. 1886இல் பிரெஞ்சு ராணுவம் அதற்கென்றே லெபெல் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. அடுத்த சில வருடங்களில் ஐரோப்பாவின் படைகளெல்லாம் அவசர அவசரமாக மாறின. போர்க்களத்தில் புகை இல்லை, சுட்டவன் இருக்கும் இடம் தெரியாது, குண்டின் வேகம் அதிகம். ராணுவத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வீட்டில் தோட்டா நிரப்புகிறவனுக்கு நடந்தது வேறு. புதிய மருந்துக்கு ஆற்றல் அதிகம், எனவே குறைவாகப் போட்டால் போதும். எவ்வளவு குறைவு? ஒரு படி பொரியையும் ஒரு படி அரிசியையும் நினைத்துக்கொள்ளுங்கள். பொரி அளந்து பழகிய கை அதே படியில் அரிசி அளந்தால் என்ன ஆகும்? சோறு அதிகமாகும், பரவாயில்லை. துப்பாக்கியில் குழாய் பிளக்கும்.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால் இடைக்காலத்தில் ஒரு சமரசம் செய்தார்கள். 'பல்க்' மருந்து என்று ஒருவகை. வேண்டுமென்றே பருமன் கூட்டி, கரிமருந்தின் அதே கரண்டியால் அளந்து போட்டாலும் சரியாக இருக்கும்படி செய்தது. பழைய பழக்கத்தோடு ஒத்துப்போகும் புதுச் சரக்கு. ஆனால் அதே கடையில், அதே அலமாரியில், 'டென்ஸ்' என்று அடர்த்தியான வகையும் இருந்தது. அதைக் கட்டாயம் நிறுத்துத்தான் போட வேண்டும். இரண்டுமே புகையற்றவை. டப்பாவை மாற்றி எடுத்தால், கரண்டி மாறாது.

அந்தச் சமரசத்தின் எச்சம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றைக்கும் அமெரிக்கச் சிதறுகுண்டுத் தோட்டாப் பெட்டிகளில் 'டிராம் ஈக்விவலென்ட்' என்று ஒரு எண் அச்சாகிறது. உள்ளே இருக்கும் மருந்தின் எடை அல்ல அது. இத்தனை டிராம் கரிமருந்து போட்டிருந்தால் என்ன வேகம் வந்திருக்குமோ அந்த வேகம் என்று பொருள். அதை மருந்தின் எடை என்று எடுத்துக்கொண்டு யாராவது நிரப்பினால் கதை முடிந்தது. செத்துப்போன ஒரு அளவை நூறு வருடத்துக்கும் மேலாக லேபிளில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மென்பொருள் உலகத்தில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி எச்சங்கள் புதிதல்ல. யாருக்கும் இப்போது தேவையில்லை, ஆனால் எடுத்தால் எது விழும் என்று தெரியாததால் எடுப்பதில்லை.

தோட்டாவின் பெயரும் மாறியது. 1906இல் வந்த .30-06 என்ற பெயரில் 30 என்பது விட்டம். 06 என்பது வருடம். மருந்தின் அளவு பெயரிலிருந்து போய்விட்டது. சொல்லவும் முடியாது, ஏனென்றால் எந்த மருந்து, எந்தக் குண்டு என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

இந்த மாற்றத்தின் முழு விளைவையும் ஒரே தோட்டாவில் பார்க்க வேண்டுமானால் .38 ஸ்பெஷலைப் பார்க்கலாம். கரிமருந்தின் கடைசிக் காலத்தில், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கரிமருந்துக்காக வடிவமைத்த கைத்துப்பாக்கித் தோட்டா. கூடு நீளமானது, நிறைய மருந்து கொள்ளட்டும் என்று. சீக்கிரமே புகையற்ற மருந்துக்கு மாறியது, கூடு மட்டும் அதே நீளத்தில் நின்றுவிட்டது. இலக்குப் பயிற்சிக்குப் போடும் மருந்து அடியில் ஒரு சிட்டிகை மாதிரி கிடக்கும், மிச்சமெல்லாம் காற்று. அதே கூட்டில் இன்னொரு சிட்டிகை விழுந்தாலும் இடம் இருக்கிறது. சில மருந்துகளில் மூன்றாவதுக்கும் இருக்கிறது. வழியாது. கை உணராது. குண்டை மேலே செருகிவிட்டால் வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பிழை நடக்கும் நேரத்துக்கும் அது தெரியவரும் நேரத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ரீலோடிங் கருவிகளின் வரலாறே இந்த இடைவெளியைக் குறைக்கச் செய்த முயற்சிகளின் வரலாறு என்றுதான் நான் படிக்கிறேன்.

3

புகையற்ற மருந்து இன்னொரு வேலையும் செய்தது. கரிமருந்தின் அழுக்கு இதுவரை எதையெல்லாம் மறைத்துக் காத்திருந்தது என்று காட்டிக்கொடுத்தது.

அன்றைய பிரைமர்களில் பாதரச ஃபல்மினேட் இருந்தது. சுடும்போது பாதரசம் ஆவியாகிப் பித்தளையில் படியும். கரிமருந்து காலத்தில் கூட்டுக்குள் அப்பும் ஏராளமான கரியோடு பெரும்பகுதி சேர்ந்துபோய்விடும். கரியைப் போக்கக் கூட்டைக் கழுவத்தான் வேண்டும், கழுவினால் அதுவும் போய்விடும். புகையற்ற மருந்தில் கரி இல்லை. பாதரசம் நேராகப் பித்தளைக்குள் இறங்கியது. பார்க்கப் பளபளவென்று இருக்கும் கூடு மறுபடி சுடும்போது பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. 1890களில் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ஃபர்ட் ஆயுதச்சாலையில் இதை ஆராய்ந்தவர்கள் பிரைமரிலிருந்து பாதரசத்தை நீக்கிப் பொட்டாசியம் குளோரேட்டை நம்பிப் போனார்கள்.

கூடு பிழைத்தது. குழாய் துருப்பிடித்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தாலும் நாலு நாளில் உள்ளே செம்பழுப்பு. புதிய மருந்தின் அமிலம்தான் காரணம் என்று ஆளாளுக்குச் சொல்லி, விதவிதமான கரைப்பான்களை விற்றார்கள். 1922இல் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் வில்பர்ட் ஹஃப் வெளியிட்ட ஆய்வு விஷயத்தை உடைத்தது. குளோரேட் எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். அது கிட்டத்தட்ட நம் சமையலறை உப்புக்குச் சகோதரன். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே துருப்பிடிக்க வைக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். ஆகவே துப்பாக்கியைத் தண்ணீரில் கழுவ வேண்டும். கரிமருந்து காலத்துத் தாத்தாக்கள் வேறு காரணத்துக்காகச் செய்துகொண்டிருந்த அதே வேலை. 1920களின் இறுதியில் துருப்பிடிக்க வைக்காத பிரைமர்கள் சந்தைக்கு வந்தன.

மூன்றாவது கதை இந்தியாவில் நடந்தது. பிரிட்டிஷ் ராணுவக் கிடங்குகளில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. யாரும் சுடவில்லை, யாரும் தொடவில்லை. பருவத்தோடு வந்துபோனதால் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. கூட்டை இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. காற்றில் கொஞ்சம் அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால் அந்த இறுக்கம் விரிசலாக வெடிக்கிறது. குதிரை லாயத்தின் மூத்திர வாடையே அமோனியாதான். தீர்வு எளிமையானது. உருவாக்கியபின் கூட்டை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்திவிடுவது. இன்றும் கவனமான ரீலோடர்கள் சில சுற்றுகளுக்கு ஒருமுறை கூட்டின் கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள்.

மூன்று கதைகளிலும் ஒரே அமைப்பு. கோளாறு நடந்தது ஒரு இடம், தெரிந்தது இன்னொரு இடம், பழி விழுந்தது மூன்றாவது இடத்தில். பித்தளைக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது தன் முகத்தில் காட்டுவதில்லை.

4

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பொதுமக்களுக்குத் தோட்டா கிடைப்பது அரிதானது. தட்டுப்பாடுதான் நவீன ரீலோடிங் தொழிலின் தாய். 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன், அப்பாவின் சலவைக்கடையின் பின்பக்கம் ஒரு அச்சுக்கருவி செய்தார். சுட்டுத் தள்ளிய .22 தோட்டாக்களின் மெல்லிய கூடுகளை எடுத்து, அவற்றையே ஈயக் குண்டுக்குச் சட்டையாகப் போர்த்தும் கருவி. 'ராக் சக்' எனப்படும் நிலஅணிலை வேட்டையாடப் பயன்பட்டதால் ராக் சக் புல்லட் ஸ்வேஜ். இன்று ரீலோடிங் உலகத்தில் பெரிய பெயரான ஆர்சிபிஎஸ் அந்த நான்கு சொற்களின் முதலெழுத்துகள்தான். அதே காலத்தில் ஐடஹோவில் வெர்னன் ஸ்பியரும், பிறகு நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடியும் இதே குப்பைக் கூட்டிலிருந்து குண்டு செய்துதான் தொழில் தொடங்கினார்கள். போர் முடிந்ததும் ராணுவத்தின் மிச்ச மருந்தை வாங்கிச் சில்லறையில் விற்றார் புரூஸ் ஹாட்ஜ்டன். 1958இல் விஸ்கான்சினின் ரிச்சர்ட் லீ, மேசையும் வேண்டாம் பிரஸ்ஸும் வேண்டாம், ஒரு சுத்தியல் போதும் என்று கையடக்கமான ஒன்றைக் கொண்டுவந்தார். இவர்கள் எல்லோருடைய பெயர்களும் இன்றும் டப்பாக்களில் இருக்கின்றன.

போருக்குப் பிறகு பாக்குவெட்டியின் இடத்தைப் பிடித்தது கனத்த இரும்புப் பிரஸ். கைப்பிடியை இறக்கினால் கூடு மேலேறி 'டை' என்னும் எஃகு அச்சுக்குள் நுழையும். சுட்டதால் உப்பிய உடல் பழைய அளவுக்கு ஒடுங்கும். இங்கேதான் ரீலோடிங் பழகுகிற எல்லோரும் ஒருமுறையாவது படும் பாடு வருகிறது. கூட்டின் மேல் மசகு போதவில்லை என்றால் அது டைக்குள் இறுகிச் சிக்கிவிடும். கைப்பிடியைப் பலமாக இழுத்தால் கூட்டின் விளிம்பு பிய்ந்துகொண்டு வரும், கூடு உள்ளேயே இருக்கும். அப்புறம் கூட்டின் அடியில் துளைபோட்டு, மரை வெட்டி, ஒரு திருகை முடுக்கி இழுத்து எடுக்க வேண்டும். இதற்கென்றே தனிக் கருவிப்பெட்டி விற்கிறார்கள். மசகு அதிகமானால் வேறு தொல்லை. எண்ணெய் ஒதுங்க இடமில்லாமல் கூட்டின் தோளில் பள்ளம் விழும்.

சிக்கிய கூடு ஒரு நாளை வீணாக்கும், ஆளைக் கொல்லாது. அது சத்தம் போடும் பிழை. வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கவனி என்று சொல்லும் பிழை. நேர்க்கூடு கொண்ட கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டைகள் வந்தபோது மசகே தேவையில்லாமல் போனது. சத்தம் போடும் பிழைகளுக்கு எப்போதும் சீக்கிரம் தீர்வு வந்துவிடுகிறது. காசு கொடுக்க ஆள் இருக்கிறது.

சத்தம் போடாதவை வேறு ரகம். மருந்து அளக்கும் கருவியில் ஒரு புனல், ஒரு குழல். குச்சிகுச்சியான மருந்து சில சமயம் குழலின் குறுக்கே பாலம் கட்டிக்கொள்ளும். அரிசி மூட்டையிலிருந்து குறுகிய வாய் வழியே கொட்டியவர்களுக்கு இது புரியும். கைப்பிடி இறங்கும், ஏறும், எல்லாம் வழக்கம்போல. முதல் கூட்டில் பாதிதான் விழுந்திருக்கும். அடுத்த கூட்டில் பாலம் இடிந்து ஒன்றரை விழும். பாதி மருந்து மட்டும் போன தோட்டா 'பட்' என்று மெல்லிய சத்தத்தோடு குண்டைக் குழாயின் நடுவிலேயே விட்டுவிடக்கூடும். சுட்டவர் அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால், அடைத்த குழாய்க்குள் இன்னொரு குண்டு. ஒன்றரை விழுந்த தோட்டா என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தராசிலும் இதே கதை. மின்விசிறிக் காற்று பட்டால் தராசுக் கோல் ஆடும். மின்னணுத் தராசு சூடேறும்வரை பூஜ்யத்திலிருந்து நகரும். ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணைக் காட்டத்தான் செய்யும். தப்பான எண்ணைக் காட்டும்போது தராசின் முகம் சிவப்பதில்லை.

இதற்கெல்லாம் அந்தத் தலைமுறை கண்டுபிடித்த பதில் என்னைக் கவர்ந்தது. ஐம்பது துளை போட்ட ஒரு மரப்பலகை. ஐம்பது கூடுகளையும் அதில் நிறுத்தி, எல்லாவற்றிலும் மருந்து போட்டு முடிக்கும்வரை ஒன்றில்கூடக் குண்டு செருகக் கூடாது. முடிந்ததும் டார்ச் அடித்து மேலிருந்து ஐம்பதையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். தனியாக ஒரு கூட்டைப் பார்த்துச் சொல்வது கஷ்டம், வரிசையில் பக்கத்தில் வைத்தால் சுலபம். மனிதக் கண்ணுக்கு அளவு தெரியாது, வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பலமுறை சுட்ட கூட்டின் உள்சுவர், அடிக்குச் சற்று மேலே மெலிந்து ஒரு வளையம் விழும். வெளியிலிருந்து பெரும்பாலும் தெரியாது. ஒருநாள் அந்த இடத்தில் கூடு இரண்டாகும். அதைக் கண்டுபிடிக்க ரீலோடர்கள் காகிதம் கோக்கும் கம்பியை நிமிர்த்தி, நுனியை வளைத்துக் கூர்மையாக்கி, உள்ளே விட்டு மெதுவாக வருடுகிறார்கள். மெலிந்த இடத்தில் நுனி லேசாகத் தடுக்கும், விரலுக்குத் தெரியும். இந்த வரலாறு முழுவதிலும் மிக மலிவான கருவி இதுதான்.

5

பிறகு வேகம் வந்தது. 1930களிலேயே சான் டியேகோவின் ஸ்டார் மெஷின் வொர்க்ஸ் தொடர்வரிசைப் பிரஸ்ஸைச் செய்திருந்தது. ஒரு தட்டில் பல நிலையங்கள். ஒவ்வொரு முறை கைப்பிடி இறங்கும்போதும் ஒரு கூட்டுக்குப் பிரைமர், இன்னொன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்குக் குண்டு, ஒரு முழுத் தோட்டா வெளியே. பயிற்சிக்கு ஏராளமாக .38 தேவைப்பட்ட காவல்துறைகள் அதை வாங்கின. விலை அதிகம். பிற்பாடு அரிசோனாவின் மைக் தில்லன் அந்த வகை இயந்திரத்தைச் சாதாரண ஆளும் வாங்கும் பொருளாக்கினார். மரப்பலகைக்காரர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து செய்ததை இதில் சில நிமிடத்தில் முடிக்கலாம்.

போனது அந்தப் பலகை. ஐம்பதையும் ஒருசேரப் பார்க்கும் அந்த நொடி இயந்திரத்துக்குள் இல்லை. மருந்து விழுந்த கூடு அடுத்த இழுப்பில் குண்டோடு மூடிக்கொள்கிறது. பழைய ஸ்டார் வகைகள் சிலவற்றில் தட்டைக் கையால்தான் சுழற்ற வேண்டும். நடுவில் போன் அடித்தால், திரும்பி வந்தவர் சுழற்றினோமா இல்லையா என்று யோசித்து நிற்பார். சுழற்றாமல் மறுபடி கைப்பிடியை இழுத்தால் அதே கூட்டில் இரண்டாவது சிட்டிகை. .38 ஸ்பெஷலில் அதற்கு இடம் இருக்கிறது.

அதனால் தட்டு தானே சுழலும்படி செய்தார்கள். அப்படியும் போதாமல், மருந்து நிலையத்துக்கு அடுத்ததாக ஒரு காவல் நிலையம் வைத்தார்கள். ஒரு கம்பி கூட்டுக்குள் இறங்கி மருந்தின் மட்டத்தைத் தொட்டுப் பார்க்கும். தில்லனுடையது தப்பிருந்தால் ஒலி எழுப்பும். ஆர்சிபிஎஸ்ஸின் 'லாக் அவுட்' டை அதற்கும் ஒரு படி மேலே. மருந்து இல்லை என்றாலோ இரட்டிப்பாக இருந்தாலோ கைப்பிடியே நகராது. அப்போதும் அதைச் சரியாகத் திருத்தி வைத்தால்தான் வேலை செய்யும். சிறு வித்தியாசங்கள் அதன் பிடியில் சிக்காது. காவல்காரனுக்கும் ஒரு காவல் வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். 1880களில் கரிமருந்தின் பருமன் சும்மாவே செய்த வேலை. போட்டால் வழியும், விட்டால் அழுந்தாது. அதே வேலையைச் செய்ய இப்போது ஒரு நிலையம், ஒரு கம்பி, ஒரு விசை, அதற்கொரு கையேடு. முன்னேற்றம் எதையாவது எடுத்துக்கொண்டு போகும்போது அது அங்கே இருந்தது என்றே யாருக்கும் தெரிவதில்லை. போன பிறகு கருவி செய்து அதை ஒவ்வொரு துண்டாகத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. நான் வேலை செய்யும் துறையில் ஒரு அமைப்பை வேகமாக்குகிறோம் என்று சொல்லி நாங்கள் முதலில் வெட்டுவது இடையில் ஒரு மனிதர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைத்தான். அவர் எதையும் செய்வதாகத் தெரியாது. பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். அவரை எடுத்தபின் வரும் பிழைகளும் சத்தம் போடாதவை. ஒரே வித்தியாசம், எங்கள் கன்னம் எதன் மேலும் பதிந்திருப்பதில்லை.

ரீலோடிங் செய்பவர்கள் எல்லோரும் கவனமானவர்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த மேசையில் உருவான ஒழுங்குகள் கவனமில்லாத மனிதனை மனதில் வைத்தே உருவானவை. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவையிலிருந்து மருந்தை அதே டப்பாவுக்குத் திருப்பிவிட வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் அந்தக் கூட்டைக் கவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அவர்களில் மூத்தவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவதைவிடக் கவிழ்ப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்று நமக்குப் பழமொழியே இருக்கிறது. மிஞ்சிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்குத்தான் பழமொழி இல்லை.

2000களில், பழைய மேற்கத்தியக் கௌபாய் துப்பாக்கிகளை வைத்து விளையாட்டாகச் சுடும் அமைப்புகள் அமெரிக்காவில் பெருகியிருந்தன. அவர்களுக்குத் தேவை மெதுவான, மென்மையான தோட்டா. .45-70, .38 ஸ்பெஷல் மாதிரியான பழைய பெரிய கூடுகளில் கொஞ்சூண்டு மருந்து. அதாவது காலி இடம் மிக அதிகமாக இருக்கும் நிலை. அவர்களுக்காக 'ட்ரெய்ல் பாஸ்' என்று ஒரு புகையற்ற மருந்து வந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் நடுவில் ஓட்டை போட்ட உளுந்துவடை. அந்த ஓட்டையாலும் உப்பலாலும் அதன் அடர்த்தி மிகக் குறைவு. பழைய கூட்டில் சரியான அளவைப் போட்டால் கூடு கிட்டத்தட்ட நிறைந்துவிடும். மறதியாக இன்னொரு தடவை போட்டால் வழிந்து மேசையில் கொட்டும்.